கூட்டம் எழுத வைக்குமா?

1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பாட்டியும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுத உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாறிய அந்த முயற்சி, நானோரைமோ என்ற பெயரில் உலகம் தழுவிய இணைய இயக்கமானது. முப்பது நாளில் 50,000 சொற்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,667.

தள்ளிப்போடும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. இன்று எவ்வளவு எழுதினாய் என்று கேட்க நாலு பேர் இருந்தால் சாக்குச் சொல்ல முடியாது. எரின் மார்கன்ஸ்டர்னின் ‘தி நைட் சர்க்கஸ்’ நாவலின் தொடக்கம் இந்த நவம்பர்களில்தான். ஆனால் 2011இல் நூலாவதற்கு முன் அதைப் பலமுறை திருத்தி எழுதினார் அவர். அந்த உழைப்பை எந்தக் குழுவும் செய்து தராது.

ஆபத்தும் அங்கேதான். எழுதப்போகும் கதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசினால், எழுதி முடித்த நிறைவு வந்துவிடுகிறது. பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. உடனடிப் பாராட்டு இன்னும் மோசம். அரைகுறை வரைவையே முடிந்த படைப்பென்று நம்ப வைக்கும்.

ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ வரிசையின் 26 நாவல்களைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டார். வாசகர் கடிதங்கள் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, அன்றாட எழுத்து நிற்கவில்லை. முதலில் எழுத்து, பிறகு உரையாடல் என்ற அந்த வரிசை முக்கியம்.

நானோரைமோ அமைப்பு 2025இல் பணமுடையால் மூடப்படுவதாக அறிவித்தது. நவம்பர் எழுத்தைத் தொடர விரும்புவோருக்கு அவ்வளவு பெரிய அமைப்பு தேவையுமில்லை. நேர்மையாகக் குறை சொல்லும் இரண்டு நண்பர்கள் போதும்.