ஒட்டிக்கொள்ளும் இரும்பு

ஆய்வுக்கூடத்தில் ரிலே ஒட்டிக்கொண்டால், “தொடுமுனை தீய்ந்துவிட்டது” என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன். மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் ஆர்மெச்சூர் விழவில்லை. தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன், பயனில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் வந்தார். காந்த முனையின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார். ரிலே ஒழுங்காக விழுந்தது. பட்டம் பெற்ற என் தலையும் உடன் தாழ்ந்தது!

தேனிரும்பு காந்தத்தை உடனே இழந்துவிடும் என்று படித்திருக்கிறோம். அது பாதி உண்மையே. ஆர்மெச்சூர் இடைவெளியின்றி முனையைத் தொடும்போது இரும்பு முழுவதும் ஒரே மூடிய வளையமாகிறது. காந்தத்தைக் குலைக்கும் எதிர்ப்புலம் அங்கே எழுவதில்லை. ஆகவே, எஞ்சிய காந்தம் ஆர்மெச்சூரைப் பிடித்துக்கொள்கிறது; வில் தோற்கிறது. காகிதத்தின் கனமுள்ள சிறு இடைவெளி இருந்தாலே எதிர்ப்புலம் தோன்றி, பிடி தளர்ந்துவிடும்.

ஐயமிருப்பின், நேர்மின்னோட்ட ரிலேயின் சுருளில் சிறிதளவு மின்னோட்டத்தை எதிர்த்திசையில் செலுத்திப் பாருங்கள். விடுபட்டால் குற்றவாளி எஞ்சிய காந்தம். விடுபடாவிட்டால் தொடுமுனை உருகி ஒட்டியிருக்கலாம். வேறு தடையும் இருக்கலாம்.

இது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டுமன்று. நம் அண்டை நகராம் செகந்திராபாத்தில், ரயில்வே சமிக்ஞைப் பொறியாளர்களைப் பயிற்றும் நிலையம் 1957 முதல் இயங்கி வருகிறது. ரயில் சமிக்ஞை ரிலே மின்சாரம் நின்றதும் விழுந்தாக வேண்டும், விழுந்தால்தான் சிவப்பு. விழ மறுத்தால் ஆபத்துள்ள பாதையிலும் பச்சை எரியக்கூடும். அதனால்தான் ஆர்மெச்சூர் முனையைத் தொடாதபடி, காந்தமேறா உலோகத்தில் சிறு முளை வைக்கிறார்கள். தொடுமுனைகள் உருகி ஒட்டாதிருக்க, உலோகத்துக்கு எதிரே கரியை அமைக்கும் வகையும் உண்டு. எத்தனையோ உயிர்களைக் காப்பது அந்தச் சிறு முளையே!

1881-இல் ஈவிங் ‘ஹிஸ்டெரிசிஸ்’ என்று பெயரிட்ட பண்பை நாம் தேர்வில் வளைகோடாக வரைகிறோம். வரைந்தால் மட்டும் போதுமா? ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு ரிலேயையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் கொடுங்கள் என்கிறேன். பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பார்கள். ஒரே ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால், நான் குறிப்பேட்டில் பொய் எழுதியிருக்க மாட்டேன்.