பாரமும் இடமும்

சென்ற ஆண்டு, வகுப்பு முடிந்தபின் மாணவன் ஒருவன் தயங்கியபடி என்னிடம் வந்தான். அவன் தந்தையார் கடற்றொழிலாளர். வீட்டு நகைகளை ஈடு வைத்துப் பழைய பைபர் படகொன்றை வாங்கி, எரிபொருள் மிச்சமாகும் என்று, அதன் ஈரடிப்பு இயந்திரத்தை அகற்றி நாலடிப்பு இயந்திரம் பூட்டியிருந்தார். புதியதோ பாரம் கூடியது. படகின் பின்புறம் தாழ்ந்தது. ஓடும்போது அணியம் உயர்ந்து முன்வழியை மறைத்தது.

"அணியத்தில் கல் ஏற்றச் சொல்கிறார்கள், ஐயா. அது சரியா?" என்று கேட்டான். விடுமுறையில் தந்தையாருடன் கடலுக்குச் செல்பவன் அவன். ஆகையால் அது பரீட்சை வினா அன்று.

கல் ஏற்றினால் படகு மட்டமாகும். ஆயினும் முழுப்படகும் மேலும் அமிழும். கூடிய பாரத்துக்கு ஈடான நீரை அது இடம்பெயர்த்தே ஆகவேண்டும் என்பதன்றோ ஆக்கிமிடீசின் தத்துவம்! நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் விளிம்பின் உயரமே அலை எழும்போது உயிர்காக்கும் வேலி. அதனைக் கல்லுக்காக இழக்கலாமா?

மறுநாள் ஊர் ஓடாவியாரிடம் சென்றோம். அவர் முதலில், இயந்திரம் பூட்டும் பின்பலகையைத் தட்டிப் பார்த்தார். ஒலி மந்தமாக வந்தது. பழைய திருகாணித் துளைகளின் வழியே நீர் புகுந்து உள்மரம் உக்கியிருந்தது. "இயந்திரம் மட்டுமா பாரம், தம்பி? இது குடித்த தண்ணீரும் பாரந்தான்" என்றார். உக்கியதை வெட்டியெடுத்துப் புதுப்பலகை இட்டு, துளைகளை அடைத்தார். பின்னர், இயந்திரத்தருகே குவிந்திருந்த பொருள்களை முன்னே நகர்த்தினார்.

அதனைக் கணக்காகக் காண்போம். மேலதிக நிறை 40 கிலோ, நடுவிலிருந்து 3 மீற்றர் பின்னே இருப்பின் திருப்பம் 120 அலகு. மின்கலம், நங்கூரம், கயிறு, கருவிப்பெட்டி ஆகிய 60 கிலோவை 2 மீற்றர் முன்னே நகர்த்தினால், அதுவும் 120. ஈடாயிற்று! நடுவில் இருந்த எரிபொருள் தாங்கியை அவர் அசைக்கவில்லை. ஓட ஓடக் குறையும் பாரம் ஓரத்தில் இருப்பின், திரும்பும் வேளையில் சமநிலை மாறிவிடும். எப்பொருளையும் உயரத்தில் வைக்கவும் விடவில்லை. மேலேறிய பாரம் படகைப் புரட்ட வல்லது.

நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவதை, அவர் கைகள் அறிந்திருந்தன.

நகைகள் இன்னும் மீளவில்லை. ஆயினும் படகு மட்டமாக ஓடுகிறது. தந்தையும் மகனும் கரை சேர்கின்றனர். மாணவர்களே, ஒரு பாரத்தைச் சமன்செய்ய மற்றொரு பாரத்தைத் தேடுமுன், இருப்பவை தக்க இடத்தில் உள்ளனவா என்று பாருங்கள்.