பட்டம் பெற்ற நாள்

முன்னேஸ்வரத்து வடிவாம்பிகையின் சந்நிதியில், மகள் பரீட்சையிற் சித்தியடைய வேண்டுமென்று கைகூப்பி நிற்கும் அன்னையர் இன்று பலர். மகளைப் படிக்கவைக்க எண்ணுவதே பெருந்துணிவாயிருந்த காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தில், 1912ஆம் ஆண்டில், சென்னை வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நேயர்கள் அறிவார்கள். அந்தப் பட்டத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவையே நாம் சிந்திக்கத்தக்கவை.

அவர் 1886இல் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தை நாராயணசுவாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் அதிபர். தாய் சந்திரம்மாளோ, பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடைய குலத்தில் வந்தவர். அவரை மணந்த குற்றத்திற்காகத் தந்தையைச் சுற்றத்தார் ஒதுக்கினர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1907இல் அவர் சென்னைக்குச் சென்று வைத்தியம் பயிலத் தொடங்கினார்.

பிறப்பினால் அடைபடும் கதவு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை, கறுப்பின மாணவருக்கென இருந்த ஏழு வைத்தியக் கல்லூரிகளுள் இரண்டே நிலைக்கத் தக்கவை என்றது. ஏனைய ஐந்தும் காலப்போக்கில் மூடப்பட்டன. அங்கே பட்டமேற்ற ஒவ்வொரு கறுப்பின இளைஞருக்குப் பின்னாலும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோர் எத்தனை பேரோ!

தமக்குப் பின்னால் வாசலில் நிற்போரை முத்துலட்சுமி மறக்கவில்லை. 1927இல் சென்னைச் சட்டசபையில் அங்கம் பெற்று, அதன் உபதலைவருமானார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார். அவ்வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லத்தை அமைத்தார். உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1954இல் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. 1968இல் அவர் மறைந்தார்; அம்மருத்துவமனையோ இன்றும் நோயாளரைக் காத்துவருகிறது.

பட்டச் சான்றிதழில் ஒருவர் பெயர்தான் எழுதப்படுகிறது. சுற்றத்தின் பழியைத் தாங்கிய தந்தை, குலத்தின் வடுவைச் சுமந்த தாய், ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சாத மன்னர் ஆகியோரின் பெயர்கள் அதில் இடம்பெறுவதில்லை. அந்தக் கடனைப் பணத்தால் அடைக்க இயலாது. தாம் நுழைந்த கதவை அடுத்தவருக்காகத் திறந்து வைத்தே அடைக்கலாம். முத்துலட்சுமி ஆயுள் முழுவதும் அதைச் செய்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டம் பெற்று வரும் நாளில் விருந்தும் வைப்பீர்கள், புகைப்படமும் எடுப்பீர்கள். அன்றிரவு அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, “இனி நம் ஊரில் யாருடைய படிப்புக்கு நீ துணை நிற்கப் போகிறாய்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.