பண்ணையாள் மந்திரியானார், அதற்கு முன்னே நடந்தது என்ன?

"நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒருத்தன் மந்திரியாகிட்டா எல்லாம் சரியாயிடும்" என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சுவீடன் நாட்டுக் கதை வேறு மாதிரி.

அங்கே 'ஸ்டாத்தாரே' என்று ஒரு வகைப் பண்ணைத் தொழிலாளிகள் இருந்தார்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. கூலியில் பெரும்பகுதி காசாகக் கிடையாது. தானியம், உருளைக்கிழங்கு, விறகு, பால் (குடிக்கிற பாலைச் சொல்கிறோம், வெட்டுகிற பாலை அல்ல), குடியிருக்க ஓர் இடம், அவ்வளவுதான். வேலை போனால் வீடும் போச்சு. ஒப்பந்தம் புருஷன் பேரில். ஆனால் பண்ணை மாடுகளைக் கறக்க, பெண்சாதி விடியுமுன்னே எழுந்து ஓட வேண்டும். அக்டோபர் கடைசியில் வருடக் கணக்கு முடியும். பலர் சட்டிபானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

குன்னார் ஸ்ட்ரெங் 1906-ல் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு சரி. பண்ணையிலும் தோட்டத்திலும் உடலுழைத்தவர். 1932-ல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் முழுநேர ஊழியரானார், 1938-ல் தலைவரானார். அவர் தலைவராக இருந்தபோதுதான், 1944-ல், சங்கமும் முதலாளிமார்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் அந்தப் பழைய முறைக்கு முடிவு கட்டப்பட்டது. 1945 இலையுதிர் காலத்தோடு அது ஒழிந்தது. ஸ்ட்ரெங் அமைச்சரவைக்குள் நுழைந்ததும் 1945-ல்தான். ஆக, எது முந்தி, எது பிந்தி என்று பாருங்கள். பண்ணையாளின் கையில் காசுக்கூலி வந்தது மந்திரி போட்ட உத்தரவால் அல்ல, சங்கம் பேசி முடித்த பேச்சால்.

பிறகு விவசாய இலாகா, சமூகநல இலாகா. 1955 முதல் 1976 வரை, 21 வருடம் நிதியமைச்சர்! பெரிய பட்டம் எதுவும் இல்லாத மனுஷன், ஒரு நாட்டின் வரவு செலவைக் கையில் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் நாம் மெச்சிவிடவில்லை. 1960-ல் சுவீடனில் பொது விற்பனை வரி வந்தது அவர் காலத்தில்தான். கடைக்கணக்கில் ஏறுகிற வரி பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வீதம். ஏழைக்குத்தான் அது கடிக்கும். பண்ணையில் கூலி வாங்கிய மனிதருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் வேண்டும் என்பது அவர் கட்சியின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும், சம்பளப் பையைப் பிரித்து எண்ணுகிற பெண்சாதியிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது லேசான காரியமல்ல.

1976 தேர்தலில் கட்சி தோற்றது, பதவி போனது. நாடாளுமன்றத்தில் 1985 வரை இருந்தார், 1992-ல் காலமானார்.