எல்லைக் கோட்டைகள் காக்குமா?

எல்லை நெடுகிலும் கான்கிரீட் அரண்களை எழுப்பிவிட்டால் சத்துரு பயம் ஒழிந்துவிடும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். எல்லையில் குழப்பம் நேரும்போதெல்லாம் இந்தக் கூக்குரல் எழுகிறது. இதன் உண்மையை ஆராய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்புகளிலிருந்து ஒரே பகலில் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு பக்கம் செஞ்சியும் மற்றொரு பக்கம் தேவனாம்பட்டினமும் இருக்கின்றன. தென்னார்க்காட்டு மக்கள் இவ்விரண்டையும் உல்லாசமாகப் பொழுது போக்கும் இடங்களாக மட்டும் கருதுவது வருந்தத்தக்கது.

செஞ்சியை எடுத்துக்கொள்வோம். மூன்று மலைகளை மதிலால் இணைத்த அந்தத் துர்க்கத்தை 1677-ல் சிவாஜி கைப்பற்றிப் பலப்படுத்தினார். 1689-ல் அவருடைய குமாரர் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் வந்து வளைத்தார்; கோட்டை வீழ்ந்ததோ 1698-ல். பாதுஷாவின் சைன்யத்தை இத்தனை வருஷம் தடுத்து நிறுத்தியது மலையும் மதிலுமே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். முற்றுகையிட்டவர்களை வெளியேயிருந்து சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் அலைக்கழித்தன. 1692-ஆம் வருஷக் கடைசியில் அவர்கள் காஞ்சீபுரத்திலிருந்த மொகலாய அதிகாரியைச் சிறைப்பிடித்து, தானியம் வரும் வழிகளை அடைத்தனர். வளைக்க வந்தவர்களே வளைக்கப்பட்டனர்! 1693 ஜனவரியில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. (முற்றுகையைச் சீக்கிரம் முடிக்க அவருக்கே மனமில்லை என்ற சந்தேகம் அக்காலத்திலேயே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.) பிறகு மராத்தியத் தளபதிகள் தமக்குள் பகைத்துக்கொண்டனர். 1697-ல் சந்தாஜி கொலையுண்டார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது. மலை அதே மலைதான். வெளியிலிருந்து ஓடிவந்து கைகொடுக்கும் சேனைதான் இல்லை.

இதே செஞ்சியை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. அப்போது உள்ளே புகுந்திருந்தவர்கள், சில நாள் முன்பு வெட்டவெளிப் போரில் தோற்று ஓடிவந்தவர்கள்.

தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையின் கதையும் வேறல்ல. 1746-ல் சென்னை பறிபோனபின் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமை ஸ்தலமாயிற்று. 1747 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர் தாக்க வந்தபோது வங்காளத்திலிருந்து ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. வந்தவர்கள் திரும்பிப் போயினர். 1758-ல் லாலி முற்றுகையிட்டபோது கப்பல்கள் உரிய காலத்தில் வரவில்லை. ஜூன் 2-ந் தேதி கோட்டை சரணடைந்தது. லாலி அதை இடித்துத் தள்ளினார்.

லாலியின் தேசத்தாரே பின்னாளில் மாஜினோ அரண்வரிசையைக் கட்டினர். 1940 மே மாதத்தில் ஜெர்மானியர் அதை மோதவில்லை. ஆர்டென் காடுகளின் வழியே வந்து, 13-ந் தேதி ஸெடானில் மியூஸ் நதியைக் கடந்தனர். அரண்கள் தம் வேலையைச் செய்யவே செய்தன. பகைவனைச் சுற்றுவழியில் போகச் செய்தன. ஆனால், அரண்களால் மிச்சமான சிறந்த படைகள் பெல்ஜியத்துக்கும் ஹாலந்துக்கும் விரைந்து போயிருந்தன. மே 16-ல் பாரிஸ் வந்த சர்ச்சில், சேமப்படை எங்கே என்று கேட்டபோது, இல்லை என்பதே பதிலாகக் கிடைத்தது. ஜூன் 22-ல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது.

கோட்டையே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. கோட்டை காலத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும். சிலரைக் கொண்டு ஓரிடத்தைக் காத்துப் பலரை வேறிடத்தில் திரட்ட இடமளிக்கும். அக்காலத்தைப் பயன்படுத்த ஆளில்லையேல் அது உள்ளிருப்போருக்குச் சிறைச்சாலையே.

இந்த விஷயத்தில் நாம் பிறரைப் பழிக்க முடியாது. 1962 ஜூனில் தாக்லா மலைத்தொடருக்குத் தெற்கே டோலா என்ற காவலிடத்தை நம்மவர் அமைத்தனர். அதைக் காக்க நம்கா சூ ஆற்றங்கரைக்கு 7-வது பிரிகேடு அனுப்பப்பட்டது. மேட்டிலே சீனர், பள்ளத்திலே நம் சிப்பாய்கள். மோட்டார்ப் பாதை அங்கே எட்டவில்லை. ஆகாய விமானத்திலிருந்து போடும் மூட்டைகளை எதிர்பார்த்து அவர்கள் காத்திருந்தனர். அக்டோபர் 20-ந் தேதி காலையில் சில மணி நேரத்தில் அந்தப் பிரிகேடு சிதறுண்டது. சிப்பாய்களின் தைரியத்தில் குறையில்லை. வழியில்லாத இடத்தில் அவர்களை நிறுத்தியவர்கள் டெல்லியில் இருந்தனர்.

தவாங்குக்குப் போகும் பாதையில், சுமார் 13,000 அடி உயரத்தில், 2024 மார்ச்சில் சேலா சுரங்கம் திறக்கப்பட்டது. பனியால் கணவாய் அடைபடும் காலத்திலும் இனி அவ்வழியே லாரிகள் போகலாம். ஏராளமான அரண்களைவிட இதையே நாம் மேலாக மதிக்கிறோம். பார்லிமெண்டில் எல்லைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச எழும் நம் பிரதிநிதிகள், எத்தனை அரண் கட்டினீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றனர். ஒவ்வொரு காவலிடத்துக்கும் பனிக்காலத்தில் துணைப்படை எத்தனை நாளில் போய்ச் சேரும் என்ற கேள்வியையும் அவர்கள் மந்திரியிடம் கேட்க வேண்டும்.