பழைய இரும்பும் ஒரு எருமையும்

ராஜ்கோட் பக்கம் ஒரு கிராமம். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ('பொறிவினைஞர்' என்று தமிழாக்கிப் பார்த்தேன், கையிலிருந்த கிரீஸ் கறையே போய்விட்டது!) கொல்லையில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1930களில் பிரபலமாக்கிய வடிவம். ராஜ்கோட் பட்டறைகள் அதை நகலெடுத்து நாடெங்கும் கிணற்றடியில் உட்கார வைத்தன. 6 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. வால்வைத் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கனத்த சக்கரம் வேகம் பிடித்ததும் வால்வை விட வேண்டும். கைப்பிடியை உருவத் தாமதித்தால் மணிக்கட்டு அவ்வளவுதான்.

போன மாதம் அதுதான் நடந்தது. கையில் கட்டு. மின் மோட்டார் போட்டுவிடலாம் என்கிறார் மகன். காயலான் கடைக்காரர் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். பால் வற்றிய ஜாபராபாதி எருமைக்கும் ஆள் வந்தது. பெரியவர் எதற்கும் மசியவில்லை.

"எருமைக்குக் கண் தெரியாது. எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் தொட்டிக்கு வருகிறது. மோட்டார் கிணற்றுக்குள் இருந்தால் இது என்ன செய்யும்?"

இப்போது பக்கத்து வீட்டுப் பையன் கைப்பிடி சுற்றுகிறான். வால்வை மட்டும் அவர்தான் விடுகிறார், இடது கையால்.