தூரம் யாது?

ஜித்தாவுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே வான்வழி ஏறக்குறைய 4,650 கிலோமீட்டர்; விமானம் அதனை ஆறு மணி நேரமளவிற் கடக்கின்றது. கட்டுநாயக்காவிலிருந்து கல்முனை நேர்கோட்டில் 215 கிலோமீட்டரளவே. எனினும், வளைந்து செல்லுந் தெருவிற் பஸ்ஸேறி வருவார்க்கு ஏழெட்டு மணி நேரஞ் செல்லும். இருப்புப்பாதையோ மட்டக்களப்புடன் நின்றுவிட்டது.

தந்தையார் மறைந்தாரெனக் கேட்டு அரபு நாட்டினின்றும் புறப்படும் மகனை எண்ணுக. ஜனாஸா நெடுநேரங் காத்திராது. வானம் அவனுக்கு ஈந்த விரைவைத் தரை பறித்துக்கொள்கின்றது. கடைசி முகங்காணாது கபுறடியில் நிற்கின்றான்.

மட்டக்களப்பு விமான நிலையம் 2018 இற் பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. எளியோர்க்கும் இயன்ற கட்டணத்தில் கட்டுநாயக்காவிலிருந்து அங்கு நாடோறும் விமானம் வருதல் வேண்டும். இருப்புப்பாதையுந் தெற்கே நீளுதல் வேண்டும். வீடு சேர்ந்தபின்னரன்றோ பயணம் முடிந்ததாகும்?